முப்பது எலிகளும் வாய்க்கால்பாலத் தெருவும்

வாய்க்கால்பாலத் தெருவில் முப்பது பெண்களுடைய இருதயம் முப்பது சுண்டெலிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது ஒரு வியாழக்கிழமை; அன்றைக்கு ரேஷன் கடையில் பாமாயில் போட்டார்கள், அதனால் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏன் போயிற்று, எப்படிப் போயிற்று என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் ஆராய்ச்சி நிலையத்து எலிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் கூண்டு கழுவினவன், பேர் உச்சிமாகாளி, படிப்பு எட்டாம் வகுப்பு. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களே அதற்குப் பதில் சொல்லாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள், நான் என்னத்தைச் சொல்ல?

எலிக்கூடம் என்றதும் தவிட்டு மூட்டை அடுக்கின கிடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். பாளையங்கோட்டையைத் தாண்டி, எங்கள் தெருவுக்கு நேர் பின்னால், மதில் சுவருக்கு உள்ளே, ஆபரேஷன் தியேட்டரைவிடச் சுத்தமாக இருக்கிற குளிரூட்டின அறை அது. உள்ளே போகுமுன் குளிக்க வேண்டும், தலைக்குக் குல்லா, வாய்க்கு முகமூடி, கைக்கு உறை, காலுக்குத் தனிச் செருப்பு. அந்த முப்பதும் சாதாரண எலிகளும் இல்லை. பெண்களுக்கு ஐம்பதை ஒட்டி மாதவிலக்கு நிற்கிறபோது உடம்பில் ஒரு ஹார்மோன் வற்றிப்போகிறதாம், அது வற்றினபிறகு இருதயம் என்ன பாடு படுகிறது என்று பார்ப்பதற்காக, அந்த ஹார்மோன் வந்து கதவைத் தட்டினாலும் திறக்க ஆளில்லாதபடி இருதயத்து ஜீன் ஒன்றை எடுத்துவிட்டு உண்டாக்கின எலிகள். கறுகறுவென்று, பெருவிரல் நீளத்தில், எல்லாம் பெட்டைகள். ஆராய்ச்சியை நடத்துகிற எங்கள் ஹெப்சிபா மேடம் அந்த வியாழக்கிழமை ஒவ்வொரு எலிக்கும் பிடரித் தோலுக்கு அடியில் அரிசிக் குருணை அளவில் ஹார்மோன் வைத்தார்கள், பாதிக்கு நிஜக் குருணை, பாதிக்கு வெறும் குருணை. நான்தான் எலியைப் பிடித்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தால் என் பெண்டாட்டி ஆவுடை பிடரியைச் சொறிந்துகொண்டு இருந்தாள், எதிர்வீட்டுக்காரி சொறிந்துகொண்டு இருந்தாள், தெருவில் ஐம்பது தாண்டின பொம்பளைகள் முப்பது பேரும் சொறிந்துகொண்டு இருந்தார்கள். கொசு என்றார்கள். நானும் கொசு என்றுதான் சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்கேன். எலியை மயக்கி மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சில் பசை மாதிரி ஜெல்லைத் தடவி, இருதயம் எத்தனை தடவை அடிக்கிறது, சுவர் எவ்வளவு தடிப்பு என்று பார்ப்பார்கள். எந்த எலி எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதுவது என் வேலை. ஆவுடை அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டு இருக்கிறபோது யாரோ நெஞ்சில் ஐஸ்கட்டியைத் தேய்த்த மாதிரி ஆகி, குடத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். பித்தம் என்றேன். சுக்குக் காப்பி போட்டுக் குடி என்றேன். இருபது வருஷ அனுபவசாலி சொன்ன வைத்தியம் அது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஏழாம் நம்பர் எலியின் முறை. ஆராய்ச்சி என்றால் நடுவில் ஒன்றிரண்டைக் கொன்று இருதயத்தைத் தராசில் நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும், அதற்கும் கமிட்டி, கையெழுத்து, எல்லாம் உண்டு. ஒரு நொடி வேலை, எலிக்குத் தெரியாது, என் கை அதில் சுத்தம் என்று நிலையம் முழுக்கப் பேர். நான் செய்து கொடுத்தேன், மேடம் நிறுத்தார்கள், நான் கையைக் கழுவினேன். அதே பதினொரு மணிக்கு எங்கள் தெருவில் இட்லிக்கடை இசக்கியம்மாள் சாம்பார் வாளியில் கரண்டியை விட்டவள் விட்டபடியே சரிந்து செத்துப்போனாள்.

துஷ்டி வீட்டில் பொம்பளைகள் பேச்சோடு பேச்சாக, திங்கட்கிழமை இசக்கிக்கும் நெஞ்சு ஜில்லென்று ஆயிற்றாமே, பத்து இருபதுக்கு என்று ஒருத்தி சொல்ல, எனக்கு என்று இன்னொருத்தி, எனக்கும் என்று இன்னொருத்தி, ஆளுக்கொரு மணி சொன்னார்கள். ஏழாம் எலிக்குப் பத்து இருபது என்று நான் என் கையால் எழுதியிருந்தேன். நிலையத்துக்கு ஓடி, நோட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம்பரையும் மணியையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒவ்வொரு மணிக்கும் ஒருத்தி கையைத் தூக்கினாள். பத்து நாற்பது, பன்னிரண்டாம் எலி, என் பெண்டாட்டி. மத்தியானம் ரெண்டே கால், இருபத்தொன்றாம் எலி என்று வாசித்தபோது, கூட்டத்தின் பின்னால் செண்பகவடிவு கையைத் தூக்கினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இசக்கியம்மாளின் புருஷன் வேலாயுதம் அண்ணாச்சி என்னைப் பந்தலுக்கு வெளியே கூப்பிட்டார். வெட்டிப் போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன், போட்டால் போடட்டும் என்றும் நினைத்தேன்.

"மாகாளி, அவளுக்கு வலிச்சிருக்குமாடே?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. ஒரு நொடிதான். சத்தியமா வலிச்சிருக்காது."

"அது போதும்டே" என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். நான் அழுதுகொண்டு இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

செண்பகவடிவு யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை ஓடாது. அவள் என் கூடப் பிறந்த அக்கா. அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். என் மகள் பிரேமாவை அவள் மகன் சண்முகவேலுக்குத்தான் என்று பிறந்த அன்றைக்கே பேசி வைத்திருந்தோம், முறை மாப்பிள்ளை. பத்திரிகை அடிக்கிற நேரத்தில், பையனுக்குக் கூட வேலை பார்க்கிற பெண்ணைத்தான் பிடித்திருக்கிறது, நான் என்னலே செய்ய என்று வந்து நின்றாள். என் மகள் ஆறே மாதத்தில் நல்ல இடத்தில் வாக்கப்பட்டு ரெண்டு பிள்ளை பெற்று ஓசூரில் நிம்மதியாக இருக்கிறாள், அவளுக்கே அதெல்லாம் மறந்துபோயிற்று. எனக்குத்தான் மறக்கவில்லை. நடுத்தெருவில் நின்று, இனி எனக்கு அக்காவே கிடையாது என்று கத்தினேன். பதினோரு வருஷம் ஆகிறது. அவள் வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கத்துச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டே நடந்து நடந்து, அந்தச் சாக்கடையில் எத்தனை மூடி உடைந்திருக்கிறது என்று பஞ்சாயத்துக்காரனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

எலியைக் கொல்லுகிற பேச்சு அன்றோடு நின்றது. கலெக்டர் ஆபீஸில் இருந்து வந்தார்கள், சென்னையில் இருந்து வந்தார்கள், கமிட்டி உட்கார்ந்தது, கமிட்டி எழுந்தது. இனி ஸ்கேன் கிடையாது, ஊசி கிடையாது, வேறு ஒருத்தரும் தொடக்கூடாது, மாகாளி மட்டும் கூண்டு மாற்ற வேண்டும், எடை பார்த்து எழுத வேண்டும், நிலையத்துத் தீனியைத் தவிர வெளித்தீனி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். அதன்பிறகு ஊர் பழகிக்கொண்டது. தெருவில் இருந்த பூனைகளை எல்லாம் சாக்கில் பிடித்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள்; கரண்ட் ஆபீஸ்காரர்கள் தெருவையே இருட்டாக்கினாலும் எலிக்கூடத்து லைனைத் தொடுவதில்லை; கோயில் கொடை விழாவில் மேளக்காரர்கள் மதில் சுவர் வந்ததும் மேளத்தின்மேல் உள்ளங்கையை அமர்த்திக்கொண்டு அந்த இருநூறு அடியையும் சத்தமில்லாமல் நடந்து கடந்து, தாண்டினபிறகு அடித்தார்கள்; ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் பாதிரி ஐயர், எங்கள் சகோதரிகளுக்காகவும் அவர்களுடைய எலிகளுக்காகவும் ஜெபிப்போம் என்றபோது ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சௌக்கியமா என்று கேட்கிற இடத்தில், உங்க எலி தின்னுச்சா என்று கேட்கப் பழகினார்கள். மாமியார் மருமகள் சண்டையில், பேசாம இருளா, என் எலி இப்பம் சக்கரத்துல ஓடுது என்று மாமியார் நெஞ்சைப் பிடித்தால் மருமகள் வாயை மூடிக்கொண்டு உலைக்கு அரிசி களையப் போய்விடுவாள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஆளுக்கு ஐந்து நிமிஷம் அவரவர் எலியைப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. தலை சீவி, பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வருவார்கள்.

சுண்டெலிக்கு ஆயுசு ரெண்டு வருஷம், ரொம்பப் போனால் ரெண்டரை. இதைச் சொல்லத்தான் வேண்டும் என்று ஹெப்சிபா மேடம் பள்ளிக்கூடத்து ஹாலில் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்கள். நாசரேத்துப் பெண், முப்பத்துநாலு வயது, சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை தண்ணீர் குடித்தார்கள். பொம்பளைகளில் ஒருத்தி எழுந்து, "அப்போ அடுத்த தை இல்ல, அதுக்கு அடுத்த தையா டாக்டரம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார்கள் மேடம். சரி என்று எல்லோரும் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, நேரமாச்சு என்று வீட்டுக்குப் போனார்கள்.

ஆவுடையும் அப்படித்தான் போனாள். ராச்சாப்பாட்டுக்கு ரசம் வைத்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷம் கூட இருந்தவளை, ஏட்டி என்று கூப்பிட்ட வாயை மூடுவதற்குள் முன்னால் வந்து நிற்கிறவளை, ரெண்டு வருஷத்தில் எடுத்துக் கொடுக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். ஊரில் ஒரு எலியாவது ரெண்டரையைத் தாண்டி மூன்று வருஷம் இருக்கும் என்றால் அது பன்னிரண்டாம் எலியாக இருக்கட்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

முன்னாலெல்லாம் ஐந்து எலி ஒரு கூண்டில் இருக்கும். இனி ஆளுக்கொரு கூண்டு, கூண்டு வாசலில் பெண்ணின் பேர் எழுதின அட்டை என்று ஆயிற்று. பிரித்து வைத்தவன் நான். ஒன்று போலவே இருக்கிற எலிகளை எப்படிப் பிரிப்பது என்றால், காதைப் பார்த்துத்தான். குட்டியாக இருக்கிறபோதே காது ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டுவிடுவார்கள், வலது காதில் ஒன்றுகள், இடது காதில் பத்துகள்; இடதில் ஒரு வெட்டும் வலதில் ரெண்டும் இருந்தால் பன்னிரண்டு, இடதில் ரெண்டும் வலதில் ஒன்றும் இருந்தால் இருபத்தொன்று. வாலடியைப் பிடித்து, முதுகு நம் பக்கம் இருக்கும்படி நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்த எலியையும் முகத்துக்கு நேரே பிடிக்கிற வழக்கம் எலிக்கூடத்தில் கிடையாது. நான் அன்றைக்குப் பிடித்தேன். கூண்டில் கைவிட்டு முதலில் வந்த எலியின் காதில் ஒன்றும் ரெண்டுமாக வெட்டைக் கண்டதும், நம்ம ஆவுடைல்லா என்று என்னை அறியாமல் முகத்தை என் பக்கம் திருப்பி, அந்தக் கடுகுக் கண்ணைப் பார்த்து, மீசையைப் பார்த்து, முகத்தைப் பார்த்தபடியே இடது வலது எண்ணி, பன்னிரண்டு என்று மேல்தட்டில் நல்ல காற்று வருகிற இடத்தில் வைத்தேன். பதினைந்து, பதினெட்டு, இருபத்துநாலு மூன்றையும் வழக்கப்படி முதுகைப் பார்த்துப் பிரித்தேன். கடைசியில் மிச்சம் கிடந்தது அக்கா எலி. அதன் காதைப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியே தூக்கி, கதவோரம், கீழ்த்தட்டில், செண்பகவடிவு என்று அட்டை மாட்டின கூண்டுக்குள் தள்ளினேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, மற்றவர்கள் டீ குடிக்கப் போகிற நேரத்தில், மேல்தட்டுக் கூண்டைத் திறந்து மடியில் இருந்து எதையாவது எடுத்துக் கொடுப்பேன். சூரியகாந்தி விதை, வறுத்த கடலை, ஒரு கீற்றுத் தேங்காய், திருவிழா நாளில் அதிரசத் துணுக்கு. விரலால் பிடரியை நீவிவிடுவேன். எலியிடம் பேசுவேனா என்றால் பேசுவேன், வீட்டில் ஆவுடையிடம் பேசாததை எல்லாம் பேசுவேன், ஏட்டி, உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா என்று கூடச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை எடை பார்க்கிற நாளில், முள் எங்கே நின்றாலும் நோட்டில் இருபத்தெட்டு கிராம் என்று எழுதினேன். வீட்டுக்குப் போனதும் முதல் கேள்வி, "நாலு மணிக்கு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்பாள் ஆவுடை.

"நெஞ்சுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு, இருந்துச்சு. காலைக் கழுவிட்டு வாங்க."

கீழ்த்தட்டு எலியை அடித்தேனா, கிள்ளினேனா என்றால் இல்லை. நிலையத்துத் தீனி அளந்தபடி போடுவேன், சில நாள் அளவுக்குக் கொஞ்சம் குறையும். மற்ற எல்லா எலிகளுக்கும் கிழித்துக் கூடுகட்ட மெல்லிய தாள் வைப்பேன், அதற்கு வைக்க மறந்துவிடும். தினமும் மறந்துவிடும். அவ்வளவு ஞாபகமாக நான் எதையும் மறந்ததில்லை.

ரெண்டு வருஷம் போயிற்று. ஒரு எலி காலையில் அசையாமல் கிடக்கும், நான் வெளியே வந்து தலையில் கைவைப்பேன், அதற்குள் தெருவில் சங்குச் சத்தம் கேட்கும்; அல்லது தெருவில் அழுகைச் சத்தம் முதலில் கேட்டு, நான் உள்ளே ஓடிப் பார்ப்பேன். இருபது வீட்டில் இப்படிப் பந்தல் போட்டாயிற்று. எலியையும் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். கூடவே வைத்துப் புதைப்பார்கள், அல்லது எரிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து மேல்தட்டைப் பார்ப்பேன். என் எலி உருண்டு திரண்டு உட்கார்ந்திருக்கும். எனக்கு நிம்மதியாக இருக்கும்.

ஐப்பசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பார்க்கிறேன், என் எலி மூலையில் குறுகி, ரோமம் சிலிர்த்து, விலா விரிந்து சுருங்கி மூச்சுக்குத் திணறுகிறது. தேங்காயைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடத்தைக் கூப்பிட ஓடினேன், செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக் கவனிக்கவில்லை. மேடம் வந்து தூக்கினார்கள், தூக்கினதுமே என்னைப் பார்த்தார்கள், தராசில் வைத்தார்கள். ஐம்பத்தொரு கிராம்.

"அண்ணாச்சி, என்ன குடுத்தீங்க?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். மேடம் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெல்லைக் கையில் வைத்துச் சூடுபண்ணித் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார்கள். இருதயம் ஊதிப் பெருத்து, சுவர் மெலிந்து, அடிக்கிறதா நடுங்குகிறதா என்று தெரியாமல் இருந்தது. "சாயங்காலம் தாண்டாது" என்றார்கள். "அளவாத் தின்ன எலிதான் அண்ணாச்சி ரொம்ப நாள் இருக்கும். இருபத்திரண்டு வருசமா இங்க இருக்கீங்களே, உங்களுக்கு இது தெரியாதா?"

தெரியும். மற்ற எலி விஷயத்தில் எல்லாம் எனக்குத் தெரியும், என் பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் தெரியாமல் போயிற்று. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கையாலே கொடுத்து, என் கையாலே கொன்றேனே ஆவுடை என்று வாய்விட்டு அழுதேன். மேடம் நோட்டில் எழுதுவதற்காக எலியை வாலடியில் பிடித்து, முதுகைத் தன் பக்கம் வைத்து, காதைப் பார்த்தார்கள். ரெண்டு தடவை பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, இது இருபத்தொண்ணு."

"இல்ல மேடம், பன்னெண்டு. நாந்தான பிரிச்சேன்."

"எந்திரிச்சு வந்து பாருங்க."

பார்த்தேன். இடதில் ரெண்டு வெட்டு, வலதில் ஒன்று. பிரித்த அன்றைக்கு முகத்துக்கு நேரே பிடித்ததில் இடதும் வலதும் எனக்கு மாறிப்போயிருக்கிறது. மேடம் போய்க் கதவோரம் கீழ்த்தட்டில் இருந்த கூண்டைத் திறந்து அந்த எலியைத் தூக்கிக் காட்டினார்கள். மெலிந்து, பளபளவென்று, கண் மினுங்க, கையை விட்டுத் தாவப் பார்க்கிற எலி. இடதில் ஒன்று, வலதில் ரெண்டு. "இது இன்னும் நல்லா ஒரு வருசம் இருக்கும்" என்றார்கள்.

பொய் சொல்லமாட்டேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஆவுடை இருக்கிறாள், என் ஆவுடை இருப்பாள் என்று நெஞ்சு துள்ளியது. அந்தத் துள்ளல் அடங்குவதற்குள்ளே, தராசில் கிடந்து திணறுவது யார் என்று விளங்கியது. வயலுக்குப் போகும்போது என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள், தன் பங்குக் கருப்பட்டியை எனக்குப் பிட்டுக் கொடுத்தவள், அவளை நான் ரெண்டு வருஷமாகத் தினமும் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சிக் கொஞ்சிக் கொன்றிருக்கிறேன்.

எலியை வெளியே கொண்டுபோகக்கூடாது என்பது கமிட்டிச் சட்டம். நான் வாயைத் திறந்து கேட்பதற்குள் மேடமே பஞ்சை விரித்த ஒரு சின்ன டப்பாவில் அதை வைத்து என் கையில் கொடுத்து, பின்வாசல் பூட்டைத் திறந்துவிட்டார்கள்.

அக்கா வீட்டு முற்றத்தில் அத்தான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சண்முகவேல் ஆட்டோ பிடிக்க ஓடியிருந்தான். பதினோரு வருஷம் கழித்து அந்த வாசல் நிலையைத் தாண்டினேன். கட்டிலில் தலையணையை அடுக்கிச் சாய்ந்து அக்கா மூச்சுக்கு இழுத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சை நீவிக்கொண்டு இருந்தவள் என் பெண்டாட்டி. என்னைக் கண்டு அவள் திடுக்கிடவில்லை. நான் போகாத வீட்டுக்கு அவள் பதினோரு வருஷமும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறாள், கூறுகெட்டவன் எனக்குத்தான் தெரியவில்லை.

"யாருட்டி அது?" என்றாள் அக்கா.

"நாந்தான்க்கா. மாகாளி."

"வந்துட்டியாலே" என்றாள், நேற்றுப் போனவனைக் கேட்கிற மாதிரி. டப்பாவைப் பார்த்தாள். "எனக்குள்ளதா?"

தலையை ஆட்டினேன். பஞ்சோடு எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். ரெண்டு மூச்சும் ஒரே மாதிரி இழுத்தது.

"ரெண்டு வருசமாலே" என்று விட்டு விட்டுச் சொன்னாள் அக்கா. "நாலு மணி ஆனாப் போதும். நெஞ்சு அப்படியே நெறஞ்சு போகும். சின்னப்பிள்ளையில சொக்கப்பனைக்குப் போகையில இருக்கும்லா, அந்த மாதிரி. வேலையெல்லாம் போட்டுட்டு நாலு மணிக்குச் சும்மா உக்காந்திருப்பேன். உங்க அத்தான் கேலி பண்ணுவாரு. யாரோ புண்ணியவாளன் என் எலிக்குச் செய்யுதான்னு நெனப்பேன். டாக்டரம்மான்னுதான் நெனச்சேன். நீயாலே?"

ஆமாக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் சந்தோஷமாகப் போயிருப்பாள். சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷம் செய்ததற்கு மேல் இதையும் செய்ய முடியவில்லை.

"நாந்தான்க்கா. ஆனா உனக்குன்னு செய்யல. ஆவுடைன்னு நெனச்சுச் செஞ்சேன். எலி மாறிப்போச்சு. நான் போட்ட தீனிதான் இப்பம் உன்னக் கொல்லுது. உனக்குன்னு நெனச்ச எலிக்கு நான் ஒரு துண்டுத் தாள்கூட வைக்கலக்கா."

ஆவுடையின் கை அக்காவின் நெஞ்சில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். பிறகு அக்காவிடம், "எனக்கு நாலு மணிக்கு ஒண்ணும் தெரியாது மயினி. பசிக்கும், அவ்வளவுதான். இவிய அவ்வளவு ஆசையா வந்து கேக்காவளேன்னு, நல்லா இருந்துச்சுன்னு தினமும் சொல்லுவேன்" என்றாள்.

அக்கா சிரித்தாள். சிரிப்பு மூச்சில் மாட்டிக்கொண்டு இருமலாயிற்று. "தெரிஞ்சிருந்தா நீ எனக்குச் செய்வியாலே?" என்றாள். "தெரியாமலாவது செஞ்சியே."

கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் தலையில் கைவைத்தாள், அந்தக் கையில் கனமே இல்லை. சண்முகவேல் ஆட்டோவோடு வந்தபோது மணி மூன்றே முக்கால். எலியின் விலா ஒரு தடவை விரிந்தது, சுருங்கியது, பிறகு விரியவில்லை. ஆவுடை குனிந்து அக்காவின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, எழுந்து போய்ச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பெண்ணாகப் பிறந்தவள் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்துதான் பிணத்தை எடுக்க வேண்டும்; அம்மா அப்பா போய் வெகுகாலம் ஆயிற்று, பிறந்த வீடு என்றால் நான்தான். தெருமுனை ஜவுளிக்கடையில் போய் நின்றேன். கடைக்காரர் ஆறுமுகநயினார், அவர் தாயாரும் போன ஆடியில் ஒரு எலியோடு போனவர்கள்தான். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார். ஒரு கட்டுச் சேலையை இறக்கி வைத்து, "அக்காவுக்கு என்ன கலரு பிடிக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பச்சையா, அரக்கா, மாம்பழக் கலரா, கரை பெரிதாக இருக்க வேண்டுமா சின்னதாகவா, யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், சாக்கடை மூடிதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. அவர் பொறுமையாக நின்றுகொண்டு இருந்தார். கடைசியில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடலையில் தோலை உரித்துத் தனியாகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் தின்பாள், நாலு விதை கொடுத்தால் பெரிய விதையைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துக்கொள்வாள், பிடரியை நீவிவிட்டால் இடது கண் மட்டும் தானாக மூடும், மழை நாளில் விரலுக்குள் வந்து சுருண்டுகொள்வாள் என்று சொன்னேன்.

ஆறுமுகநயினார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தக் கட்டுக்குள் இருந்து ஒரு சேலையை உருவி, விரித்துப் பார்த்து, மடித்து, என் கையில் கொடுத்தார்.